தெளிவு வட்டம்

மாட்டுத்தாவணியில் எல்லாரும்
நல்ல பழம் பொறுக்குவார்கள்.
நான் அழுகலுக்குப் போகிறவள்.
காலை நாலரை. லாரியிலிருந்து
வைக்கோலும் பழமும் சேர்ந்து இறங்கும்.
"வந்துட்டீகளா" என்பார் அமானுல்லா,
"உங்களுக்குன்னே ஒரு பெட்டி கெட்டுப்போயிருக்கு."
காசு வாங்கமாட்டார்.
அழுகலை வித்தா பரக்கத்து போயிரும்.

கையுறை மாட்டிச் சாத்துக்குடியைத் தூக்கினால்
விரல் உள்ளே போய்விடும்.
தோல் இருக்கிறது, நிறம் இருக்கிறது,
நேற்றைய எடைகூட இருக்கிறது.
ஒட்டிப் பிடித்திருந்தது மட்டும் இல்லை.

அந்த ஒட்டுக்குப் பெயர் பெக்டின்.
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருப்பது.
பத்திரத்தில் எழுதுவார்களே
'வடக்கே பொதுச்சுவர்' என்று, அது.
காய் கல்லாக இருப்பது அதனால்.
பழுக்கையில் பழமே கொஞ்சம் அறுத்துக்கொள்ளும்.
மிச்சத்தை அறுக்கக்
கரித்தூள் மாதிரி ஒரு பூஞ்சை வரும்.
வாயும் இல்லை, பல்லும் இல்லை.
எச்சிலை முதலில் வெளியே துப்பும்,
கரைந்ததைப் பிறகு குடிக்கும்.

அந்த எச்சில்தான் எனக்கு வேண்டும்,
நாலு வருஷமாக,
உதவித்தொகை வந்த மாதமும் வராத மாதமும்.

நாகமலை அடிவாரத்தில் ஆய்வகம்.
மயில் வந்து தன் நிழலை
ஜன்னல் கண்ணாடியில் கொத்தும்.
தட்டில் பெக்டின் கலந்த அகார் ஊற்றி
ஒரு புள்ளி பூஞ்சை வைத்து
மூன்று நாள் கதவைத் திறக்கக் கூடாது.
பிறகு அயோடின்.
தட்டு முழுக்கப் பழுப்பேறும்.
பூஞ்சையைச் சுற்றி மட்டும்
ஒரு வட்டம் நிறம் ஏறாமல் நிற்கும்.
அதுவரை தின்றிருக்கிறது என்று அர்த்தம்.
தெளிவு வட்டம் என்று நோட்டில் எழுதி
ஸ்கேல் வைத்து அளப்பேன்.
முப்பத்தோரு தட்டில் பெரியது ஏழாவது,
இருபத்தாறு மில்லிமீட்டர்.
ஆடி மாதத்துச் சாத்துக்குடி, அமானுல்லா கடை.
அ-7 என்று பெயர் வைத்தேன்.

நத்தம் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைக்கு
இதே சரக்கு வெள்ளை டிரம்மில்
கப்பலேறி வருகிறது.
மேனேஜர் கிலோ விலை சொன்னபோது
மார்க்கெட்டின் குப்பைமேடு
கண்ணுக்குள் பளபளத்தது.
வாழைமட்டையிலிருந்து நார் கழலும்,
சிறுமலைக் காப்பிக்கொட்டையின் வழவழப்பு போகும்,
காஸ்டிக் சோடா இல்லாமலே
பருத்தி நூல் தண்ணீர் குடிக்கும்.
முதல் அத்தியாயம் முழுக்க இதுதான்.
கைடு ஒரு கமாவைத் திருத்தினார்.

மாசியில் கொய்யாச் சாறு.
கலங்கல், களிமண் கரைத்த மாதிரி.
அ-7 சொட்டுவிட்டு
ஐம்பது டிகிரியில் ஒரு மணி நேரம்.
வண்டல் அடியில் இறங்க
மேலே வெயில் நின்றது.

பாட்டிலைக் கடைக்கு எடுத்துப் போனேன்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
எதிர்க்கடை போர்டு
சாற்றுக்குள் இடவலம் மாறித் தெரிந்தது.
"என் பழத்தைத் தின்னது இதுவா?"
"ஆமா பாய்."
"போன ஆடியில ரெண்டு லோடு."
கடையின் நடுவே பிளைவுட் பலகை.
அந்தப் பக்கம் தம்பி ஹபீப்
தனித் தராசு, தனிக் கல்லாப்பெட்டி.
அந்த இரண்டு லோடுக்குப் பிறகு அடித்தது.

"இதை நிறுத்த முடியுமா?" என்றார்.

என்னிடம் அதற்கு அத்தியாயம் இல்லை.
எந்தச் சூட்டில், எந்த அமிலத்தில்
வேகமாக அறுக்கும் என்பதைத்தான்
நாலு வருஷம் படித்திருக்கிறேன்.
குளிரில் வைக்கலாம் என்றேன்,
சுண்ணாம்புச் சத்துத் தண்ணீரில் முக்கினால்
கொஞ்ச நாள் இறுக்கமாக நிற்கும் என்றேன்.
"வெத்தலைக்குத் தடவுறதா?"
"அது இல்ல பாய்."
சிரித்துக்கொண்டார். குடிக்க வேண்டாம்
என்று சொல்லியும் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.
தராசுக்குப் பக்கத்தில் நின்றது.

அடுத்த வாரம் போனபோது
சாறு மறுபடி கலங்கியிருந்தது.
மேலே கருப்பாக ஒரு புள்ளி.
"தம்பிதான் வந்து திறந்து மோந்து பார்த்தான்"
என்றார், தராசைத் துடைத்துக்கொண்டே.
வேறொன்றும் சொல்லவில்லை.
பாட்டிலைக் கேட்டு வாங்கினேன்.
லேபிளில் தேதி எழுதினேன்.
இடம் என்ற கோட்டில்
எந்தப் பக்கக் கடை என்று எழுதுவது?
அதைக் காலியாக விட்டு
அ-8 என்று போட்டேன்.